ஆராய்ச்சி யார் கையில்? தெள்ளாற்றிலிருந்து சில கேள்விகள்

தமிழ்நாட்டு வரலாறு படித்தவர்களுக்குத் தெள்ளாறு என்கிற பேர் தெரிந்திருக்கும். ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மூன்றாம் நந்திவர்மன் என்கிற பல்லவ ராஜா பாண்டியப் படையை இங்கே வைத்து அடித்தான். அடித்ததையே பட்டமாகவும் போட்டுக்கொண்டான்: 'தெள்ளாறெறிந்த நந்திவர்மன்'. அவன் மேல் நந்திக் கலம்பகம் பாடப்பட்டது. பாரத வெண்பா பாடிய பெருந்தேவனாரும் அந்த வெற்றியைச் சொல்கிறார். சுமார் நானூறு வருஷம் கழித்து, 1231ஐ ஒட்டி, அதே தெள்ளாற்றில் காடவராயன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் ராஜராஜ சோழனை ஜெயித்து, பிடித்துக்கொண்டு போய்ச் சேந்தமங்கலத்தில் அடைத்து வைத்தான். வயலூர்க் கல்வெட்டு இதைப் பெருமையாகச் சொல்கிறது. போசள நரசிம்மன் படை அனுப்பிச் சோழனை மீட்ட கதை திருவயிந்திரபுரம் கல்வெட்டில் இருக்கிறது. பக்கத்திலிருக்கிற வந்தவாசியில் 1760 ஜனவரி 22ல் வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் மோதியது மூணாவது. ஆக, எங்கள் பக்கத்து மண் நிறைய ரத்தம் குடித்த மண்.

இன்றைக்குத் தெள்ளார் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு ஒன்றியம். நெல்லும் மணிலாவும் வெளைகிற ஊர். அந்தண்ட போனால் ஆரணிப் பட்டு. நான் இந்தச் சுத்துப்பட்டில் ஒரு காலனியில் பொறந்தவன். பஸ் நிற்கிற இடம் ஊர். ஊரைத் தாண்டி நடந்தால் நாங்கள்.

நூறு வருஷத்துக்கு மேல் இந்தச் சண்டைகளைப் பற்றி ஆராய்ச்சி நடந்திருக்கிறது. 1886ல் ஹுல்ஷ் என்கிற ஜெர்மன்காரர் கல்வெட்டு அதிகாரியாக வந்தார். 1890ல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி வந்தது. 1928ல் ஆர். கோபாலன் பல்லவர் வரலாறு எழுதினார். 1930களில் நீலகண்ட சாஸ்திரியின் சோழர்கள், 1938ல் மீனாட்சியின் பல்லவர் ஆட்சியும் சமூக வாழ்வும் பற்றிய நூல். எல்லாமே உழைத்து எழுதிய புத்தகங்கள்தான், அதில் சந்தேகமில்லை. நந்திவர்மன் எந்த வருஷம் பட்டத்துக்கு வந்தான், எதிரில் நின்ற பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன்தானா, கலம்பகம் கேட்டுக்கொண்டே பந்தலோடு எரிந்து செத்தான் என்கிற கதை நிஜமா பொய்யா என்றெல்லாம் பக்கம் பக்கமாக விவாதம். தாய்லாந்தில் தக்குவாபா என்கிற இடத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அவனிநாரணம் என்ற குளத்தைப் பற்றி அதில் இருக்கிறது. அவனிநாரணன் நந்திவர்மனின் பட்டம் ஆச்சே என்று அந்தக் குளத்தையும் இவனோடு சேர்த்தார்கள். கடல் தாண்டிப் போய் ஒரு குளத்துக்கு உறவு கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி இது.

அந்த ஆராய்ச்சி தெள்ளாத்து ஏரிக்கு மண் சுமந்தவன் யார் என்று கேட்கவில்லை. சண்டை முடிஞ்ச நெலத்தில் பொணத்தை எடுத்துப் போட்டது யார் என்று கேட்கவில்லை. தோற்றுப்போன படையில் ராஜா தப்பித்துப் போனான், சரி. ஊருக்குத் திரும்ப முடியாமல் இங்கேயே நின்றுபோன சிப்பாய் எங்கே போய்த் தங்கினான்? ஊருக்குள்ளே விட்டார்களா?

இந்தக் கேள்வியை நான் எம்.ஏ. படிக்கும்போது ஆய்வேட்டுக்குத் தலைப்பாகக் கொண்டுபோனேன். எங்கள் பக்கத்துச் சேரிகளின் வரலாறு என்று எழுதியிருந்தேன். வழிகாட்டி நல்ல மனுஷன், கோவித்துக்கொள்ளவில்லை. "சேரிக்கு எல்லாம் சான்று கெடைக்காதுப்பா, ஏதாவது கோயிலா எடுத்துக்கோ" என்றார். கோயிலையே எடுத்தேன். மண்டபத்துத் தூணை அளந்து, கல்வெட்டைப் படித்து, பட்டம் வாங்கினேன். அளந்த நாளில் உள்ளே கூட வந்து நிற்கச் சொன்னபோது எங்க ஆயா வாசலோடு நின்றுவிட்டது வேறு விஷயம்.

சேரிக்குச் சான்று கிடைக்காது என்பது நிஜமா? தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் ராஜராஜன் எழுதிவைத்த ஊர்களின் கணக்கு சுவரிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. ஹுல்ஷ் அதை இரண்டாம் தொகுதியில் அச்சிட்டது 1890களில். ஊர்ஊராக மொத்த நிலம் இவ்வளவு, அதில் வரி கட்ட வேண்டாத நிலம் இவ்வளவு என்று கணக்கு வருகிறது. வரி இல்லாத நிலப் பட்டியலில் ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி. ஆமாம் தோழர்களே, தீண்டாச்சேரி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பொற்காலத்தின் நடுநெற்றியில் உளியால் செதுக்கி வைத்திருக்கிறான். பறைச்சேரிக்குத் தனிச் சுடுகாடு என்றும் வருகிறது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

சான்று இருந்தது. அச்சிலும் இருந்தது. அந்த வரியைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்கள், அவ்வளவுதான். கோயிலுக்கு எத்தனை கழஞ்சு பொன் வந்தது என்பது ஆராய்ச்சி ஆனது, சேரி வெறும் எல்லைக் குறிப்பு ஆனது. ஜப்பானிலிருந்து நொபொரு கராஷிமா வந்து நிலம் யாரிடம் இருந்தது, ஊரும் சேரியும் எப்படிப் பிரிந்து கிடந்தன என்று கல்வெட்டுகளை மொத்தமாக எண்ணிப் பார்த்தார். 1979ல் கே.ஆர். ஹனுமந்தன் தமிழ்நாட்டுத் தீண்டாமையைப் பற்றி 1500 வரைக்கும் ஒரு தனி நூலே எழுதினார். என் வழிகாட்டி மேஜைக்கு அது வந்து சேரவில்லை போலிருக்கிறது.

எங்கள் ஊரிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921ம் ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள். பள்ளிக்கூடப் பாடத்திலிருந்து பாராளுமன்றப் பேச்சு வரைக்கும் 'ஆயிரம் ஆண்டு ஜனநாயகம்' என்று ஓடுகிறது. பேர் ஓலையில் எழுதப்படுவதற்குத் தகுதி என்ன என்பதும் அதே கல்லில் இருக்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயசு, வேதப் படிப்பு. அது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த சதுர்வேதிமங்கலம், அந்தச் சபை அவர்களுடைய சபை. முப்பது குடும்புக்கு முப்பது பேர் என்று பாடம் நடத்துகிற வாத்தியார் இந்தத் தகுதிப் பட்டியலைச் சேர்த்து நடத்தினால் பையனே கேட்பான், எங்க தாத்தா ஓலை எங்க சார் என்று.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் 1909ல் ஏழு தொகுதியாகத் தென்னிந்தியச் சாதிகள் பற்றி வெளியிட்டார்கள். பறையர் பற்றிய பகுதியில், வட ஆற்காட்டில் அதிகாரியாக இருந்த ஸ்டூவர்ட் சொன்னதை எடுத்துக் காட்டுகிறார்கள். பதினோராம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டில் பறையரில் இரண்டு பிரிவு வருகிறது என்று. ஒன்று உழவு. இன்னொன்று நெசவு. நெசவுப் பறையர்!

இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆரணிப் பட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். தறிச் சத்தம் கேட்டிருக்கிறேன். பட்டு என்றால் இன்ன இன்ன சாதி என்று சின்ன வயசிலேயே மண்டையில் ஏத்திவிட்டார்கள். நமக்கும் நெசவுக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் சொன்னதில்லை. காலனியில் கிழவர்களைக் கேட்டால் ஏர், பறை, மாடு, வெட்டியான் வேலை என்று சொல்வார்களே தவிர தறி என்று ஒருத்தரும் சொன்னதில்லை. ஆனால் கல் சொல்கிறது. செங்கல்பட்டு, தஞ்சாவூர்ப் பக்கம் நெசவு செய்த கோலியர்களைப் பறையரோடு சேர்த்துத்தான் வெள்ளைக்காரன் காலத்துக் குறிப்புகள் சொல்கின்றன. அப்படியானால் இந்தக் கையிலிருந்து தறி எப்போது போனது? முரட்டுத் துணி நெய்தவனை மில் துணி அடித்ததா, அதற்கு முன்னாலேயே வரியும் சாதியும் அடித்துவிட்டதா? 'பறையன் என்றால் பறை' என்று பேரை வைத்துத் தொழிலைக் கட்டிப்போட்ட அகராதிக்காரர்களுக்கு இந்த ஒரு சொல்லே பதில்.

இப்போது மேனேஜ்மென்ட் படிக்கிற பிள்ளைகள் ஆரணிப் பட்டைப் பற்றிப் புராஜக்ட் செய்கிறார்கள். நாலைந்து பார்த்திருக்கிறேன். நுகர்வோர் திருப்தி, சந்தைப்படுத்தல், கூட்டுறவுச் சங்கத்தின் நிதி நிலைமை. ஒரு கேள்விப் பட்டியலை நூறு பேரிடம் கொடுத்துப் பூர்த்தி செய்து, சதவீதம் போட்டு, பட்டை வரைபடம் போட்டு முடித்துவிடுவார்கள். வயசு உண்டு, படிப்பு உண்டு, மாத வருமானம் உண்டு. தறி வைத்திருக்கிறவர் யார், கூலிக்கு நெய்கிறவர் யார், இந்தத் தொழிலுக்குள்ளேயே வரமுடியாதவர் யார் என்ற கட்டம் நான் பார்த்த எதிலும் கிடையாது. நிர்வாகம் என்றால் ஆளை நிர்வகிப்பது என்கிறார்கள். இந்த நாட்டில் ஆளை நிர்வகிக்கிற ரொம்பப் பழைய ஏற்பாட்டுக்குச் சாதி என்று பேர். அதை விட்டுவிட்டு எதைப் படிக்கிறார்கள்?

நம்ம ஆட்கள் ஆராய்ச்சி செய்யாமல் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு வெளியே செய்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர். 1907 ஜூன் 19ல் ராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்று வாரப் பத்திரிகை ஆரம்பித்தார். அதிகம் கொடுக்க முடியாதவனுக்காக ஒரு பைசா. அந்தப் பத்திரிகையில்தான் இந்திரர் தேச சரித்திரம் வந்தது. பறையர் என்பவர் பூர்வ பௌத்தர், வந்தேறிய வேஷ பிராமணர் அவர்களைத் தாழ்த்தினார்கள் என்று நிகண்டையும் ஓலையையும் வாய்மொழிக் கதையையும் வைத்து வாதாடினார். அவர் தாத்தா கந்தப்பன், ஹாரிங்டன் என்கிற துரையிடம் பட்லர். வீட்டிலிருந்த திருக்குறள் ஓலையைக் கொடுக்க, அது துரை வழியாக எல்லிஸ் கைக்குப் போய் அச்சேறியது என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். ஒரு பட்லர் வீட்டில் ஓலைச்சுவடி இருந்தது என்பதை ஜீரணிக்க முடியாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பண்டிதர் 1914ல் இறந்தார். அவர் எழுத்துக்கள் ஞான. அலாய்சியஸ் முயற்சியில் தொகுப்பாக வெளிவந்தது 1999ல். எண்பத்தைந்து வருஷம்! அவர் சொன்ன சொல்லாராய்ச்சி எல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன், சில இடத்தில் இழுத்துப் பிடித்து இணைக்கிறார். ஆனால் அதே காலத்தில் அதைவிட மோசமாக இழுத்துப் பிடித்தவர்கள் மகாவித்துவான் என்று பேர் வாங்கினார்களே.

அம்பேத்கர் 1913ல் பரோடா சமஸ்தான உதவிப் பணத்தில் கொலம்பியாவுக்குப் போனார். 1916 மே 9ல் அங்கே ஒரு கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் என்ற கட்டுரையைப் படித்தார். அப்போது வயசு 25. 1923ல் ரூபாயின் பிரச்னை பற்றிய ஆய்வுக்கு லண்டனில் டி.எஸ்சி. பட்டம். பொருளாதாரத்தில் இவ்வளவு பெரிய படிப்புப் படித்த மனுஷன் 1948ல் தீண்டப்படாதவர் யார் என்று பழைய வரலாற்றுக்குள் இறங்கி ஒரு புத்தகம் எழுதினார். அதை மூணு பேருக்குச் சமர்ப்பணம் செய்தார். ரவிதாஸ், சோகாமேளா, அவர்களோடு நம்ம நந்தனார். அந்தப் புத்தகத்தில் அவர் கேட்கிற கேள்விதான் நான் மேலே தெள்ளாற்றில் நின்று கேட்டது. இனக்குழுக்கள் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது தோற்றுச் சிதறியவர்கள், அவர் வார்த்தையில் உடைந்த மனிதர்கள், எங்கே போனார்கள்? நிலையாகத் தங்கிவிட்ட ஊருக்கு வெளியே, காவலுக்கு ஆளாக, தங்க வைக்கப்பட்டார்கள் என்பது அவர் பதில். தீண்டாமை பிற்பாடு வந்து ஒட்டியது, கி.பி. 400ஐ ஒட்டி என்கிறார். அவர் பதிலை மறுக்கிற ஆய்வாளர்கள் உண்டு. மறுக்கட்டும். சான்று அறுந்து கிடக்கிற இடத்தில் ஊகத்தைப் பாலமாகப் போடுவது வரலாற்றுக்காரனின் வேலையில் சேர்ந்ததுதான் என்று அவரே முன்னுரையில் வாதாடி வைத்திருக்கிறார். யார் கேட்டது என்பதால்தான் அந்தக் கேள்வியே பிறந்தது.

வரலாறு என்றால் சாதி வரும், கணக்குக்கும் பௌதிகத்துக்கும் சாதி ஏது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சரி, போய்ப் பார்ப்போம். சென்னை ஐ.ஐ.டி.யில் கணிதப் பேராசிரியராக இருந்தவர் வசந்தா கந்தசாமி. இட ஒதுக்கீடு கேட்டும் அங்கே நடக்கும் பாகுபாட்டை எதிர்த்தும் நீண்ட காலம் போராடினார். அதற்காகத் தமிழக அரசு 2006ல் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அவருடைய துறையில் ஒரு பகுதி பஸ்ஸி கணிதம். சாதாரணக் கணக்கில் ஒன்று உண்டு, அல்லது இல்லை. இதில் இரண்டுக்கும் நடுவில் 'கொஞ்சம்', 'ஓரளவு' என்பதற்கும் எண் கொடுக்கலாம். மனுஷர்கள் சொல்கிற காரணங்களையும் விளைவுகளையும் வலைபோல இணைத்து, ஒன்றைத் தட்டினால் எதெது அசைகிறது என்று கணக்காகவே பார்க்கலாம். அந்தக் கருவியை அவர் தீண்டாமை பற்றிய பெரியார் கருத்துக்களின் மேல் வைத்துப் பார்த்தார். 2005ல் அது புத்தகமாக வந்தது. கணிதம் தானாகப் போய்த் தீண்டாமையைத் தொடவில்லை. ஒருத்தர் கொண்டுபோய் வைத்தார்.

கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையமும் தரமணியில் இருக்கிற கணித அறிவியல் நிறுவனமும் நமக்குத் தூரமில்லை, பஸ் ஏறினால் போய்விடலாம். 2019ல் மத்தியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் பணிக்கான இட ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் இந்த நிறுவனங்களுக்கெல்லாம் அது பொருந்தாது என்று ஒரு பட்டியல். ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அதன் கீழ் வருகிற மையங்களும், கல்பாக்கம், தரமணி உள்பட. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் உண்டு. மேன்மை மிக்கவை, ஆராய்ச்சி செய்பவை என்பது காரணம். ஆராய்ச்சி என்றால் நாம் வாசலோடு என்று சட்டத்திலேயே எழுதிய மாதிரி. ஐ.ஐ.எம்.களும் தங்களை அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்டன. 1961ல் தொடங்கிய அகமதாபாத் ஐ.ஐ.எம். முனைவர் படிப்பில் இட ஒதுக்கீடு தருவதாக அறிவித்தது 2025 சேர்க்கைக்குத்தான், அதுவும் கோர்ட்டு வரைக்கும் இழுத்த பிறகு.

உள்ளே போனவர்கள் கதை? ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் பௌதிகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர் செந்தில்குமார், சேலம் மாவட்டத்துக்காரர், பன்னியாண்டி சமூகம். 2008 பிப்ரவரியில் இறந்துபோனார். வழிகாட்டி ஒதுக்கப்படாமல் காத்துக் கிடந்தவர்களில் அவர் ஒருவர். அதே பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17ல் ரோகித் வெமுலா. 2017 மார்ச்சில் டெல்லியில் முத்துக்கிருஷ்ணன், ஜே.என்.யூ.வில் வரலாற்று ஆய்வு மாணவர், அவரும் சேலம். எம்.ஃபில்., பிஎச்.டி. சேர்க்கையில் சமத்துவம் இல்லை என்பதைத்தான் கடைசியாகப் பொதுவில் எழுதியிருந்தார். மூணு பேரையும் பற்றி அழுது தீர்த்துவிட்டோம். அவர்கள் கேட்க வந்த கேள்விகளை யார் எடுத்துக் கேட்பது என்பது அப்படியே கிடக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஆராய்ச்சியால் சோறு வருமா என்று காலனியில் கேட்கிறார்கள். வரும். நிலம் கூட வரும். 1891ல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் பறையர் நிலைமையைப் பற்றி ஒரு அறிக்கை எழுதினார். அவருக்கு முன்னாலேயே கௌடி, ஆண்ட்ரூ போன்ற பாதிரிகள் எழுதியிருந்தார்கள். மிராசுதாரன் கையில் நிலம் எப்படிச் சிக்கியிருக்கிறது, குடியிருக்கிற மனை கூட எப்படிச் சொந்தமில்லை, அடிமை முறை சட்டத்தில் போய் நடப்பில் எப்படி இருக்கிறது என்று விவரம் விவரமாக எழுதினார். அதன் பின்னால்தான் 1892 செப்டம்பர் 30ல் அரசாணை 1010 வந்தது. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிற பஞ்சமி நிலத்துக்கு அதுதான் அடித்தளம். முதல் பத்து வருஷம் விற்கக் கூடாது, அப்புறமும் தாழ்த்தப்பட்டவருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் தங்கிவிட்டது, நிலம் கைமாறிப் போய்விட்டது. நூறு வருஷம் கழித்து அந்தக் காகிதங்களைத் தேடி எடுத்துப் படித்த பிறகுதான் 'மீட்போம்' என்ற குரல் பலமாக எழுந்தது. காரணையில் அந்த நிலத்தில் வைத்த அம்பேத்கர் சிலையை அகற்றியதை எதிர்த்துச் செங்கல்பட்டில் திரண்டபோது, 1994 அக்டோபர் 10ல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள். ஒரு அறிக்கை, ஒரு அரசாணை, ஒரு பதிவேடு. இதற்குத்தான் துப்பாக்கி வந்தது.

படிக்கிற பிள்ளைகள் இருந்தால் ஒரு வேலை சொல்கிறேன். பெரிய பட்டமெல்லாம் வேண்டாம். உங்கள் தாலுகா ஆபீசில், இல்லாவிட்டால் கிராம நிர்வாக அதிகாரியிடம், அ-பதிவேடு என்று ஒன்று இருக்கும். சர்வே எண்ணுக்கு எதிரே டி.சி. என்றோ நிபந்தனை நிலம் என்றோ குறித்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய பதிவேட்டையும் புதிய பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள், எந்த எண்ணில் அந்தக் குறிப்பு காணாமல் போயிருக்கிறது என்று தெரியும். பேனாவும் நோட்டும் போதும். கொடுக்க மாட்டேன் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், பத்து ரூபாய். ஆரணிப் பக்கத்துப் பிள்ளைகள் இன்னொன்றும் செய்யலாம். சேரியில் வயசானவர்களிடம் தறி, பாவு, நூல், சாயம் இந்த நாலு சொல்லையும் சொல்லி, இவை அவர்கள் பாட்டிலோ, ஒப்பாரியிலோ, குலசாமிக் கதையிலோ, நிலத்தின் பேரிலோ எங்கேயாவது வருகிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். நான் ஆறு காலனியில் கேட்டு முடித்திருக்கிறேன். வந்தவாசிக்கு வடக்கே இன்னும் போகவில்லை.